நளீம் காக்கா பூட்டிவிட்டுப் போன குழு

அன்று காலை என் கதையை எங்கள் வட்ஸ்அப் வாசிப்புக் குழுவில் போட்டுவிட்டு, நளீம் காக்கா வழக்கம்போல யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டினார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு திறப்பதாக எழுதியிருந்தார். நான் அட்டாளைச்சேனையில், எங்கள் வீட்டுக் குசினி அடுப்படியில், போனைக் கையில் வைத்தபடி துடித்துக்கொண்டிருந்தேன். அஸர் முடிந்தது. குழு திறக்கவில்லை. மேர்சி அக்காவின் அழைப்புத்தான் வந்தது.

"ஹஸ்னா, எங்க நிக்கிறாய்? முதல்ல இரு புள்ள. நளீம் தம்பி கடைக்குள்ளயே விழுந்திட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிற்று."

மரணச் செய்திக்குச் சொல்கிற 'இன்னாலில்லாஹ்' எழுதக் குழுவுக்கு ஓடினேன். நிர்வாகி மட்டும்தான் எழுதலாம் என்றது திரை. நிர்வாகி அவர் ஒருவர்தான்! அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அன்று இதேதான் நடந்திருக்கும். அவர் மவுத்துக்கு ஒரு வார்த்தை எழுத முடியாமல், அவர் கட்டிய வீட்டின் வாசலிலேயே எல்லோரும் நின்றோம்.

கல்முனையில் பைப்பும் பெயின்ற்றும் விற்கிற அவருடைய கடையில் மூன்று பேர் கூடியதுதான் தொடக்கம். அவர், நிந்தவூர் முபாரக் சேர், மெதடிஸ்த கோயிலுக்குப் போகிற மேர்சி அக்கா. கதிரை போதாமல் பெயின்ற் வாளிகளில் உட்கார்ந்து கதைகள் வாசித்தார்களாம். பிறகு அது போனுக்குள் வந்தது. சாகாமத்து வயலிலிருந்து ஒருவர் எழுதினார். பேஸ்புக்கில் எழுதியே பழகிய, ஒரு மேடையும் ஏறாத நானும் வந்தேன்.

பூட்டு வந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். நீளமான கதையொன்று குழுவில் விழுந்த அதே நிமிடம் முபாரக் சேர் 'அருமை, வாழ்த்துகள்' என்று போட்டார். காக்கா குரல் பதிவில் வெடித்தார்: "சேர், நீங்க இன்னும் கதையத் திறக்கவே இல்லையே! வாழ்த்து ஆருக்கு? எழுதினவளுக்கா, உங்கட விரலுக்கா?" குழுவே சிரித்தது, சேரும் சிரித்தார். அன்று முதல் கதை வந்தால் பூட்டு. வாசித்து முடிக்க நேரம் கொடுத்துவிட்டுத்தான் திறப்பார்.

வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் கடையில் கூடுவார்கள். பெண்கள் நாங்கள் வீட்டிலிருந்து போனில் கதைப்போம். எங்கள் குரல் ஒலிபெருக்கியில் போகும். ஒருநாள் ஒருவர், "பொம்புளப் புள்ளைகள்ற குரல் கடைத்தெருவுல கேக்கிறது சரியில்ல காக்கா" என்றார். போனில் எனக்கும் அது கேட்டது. காக்கா சொன்னார்: "அவள் இஞ்ச வந்து பைப்புக்கு விலை கேட்டா அந்தக் குரல் சரி. கதையப் பத்திக் கதைச்சா மட்டும் பிழையா?" ஒலியை இன்னும் கூட்டினார் போல; நான் அடுத்துக் கதைத்தபோது, தெருவில் போன பஸ்ஸின் ஹோர்னைவிட என் குரல் எனக்கே பெரிதாகத் திரும்பிக் கேட்டது.

உடனே என் பக்கம் திரும்பினார். "ஹஸ்னா, உன்ட கதையில அவள் புருஷன ஏன் மன்னிச்சாள்? வாசிக்கிற மாமிமாருக்குப் பயந்தா? பொய் எழுதாத புள்ள." அழுதேன். ஆனால் நான் எழுதியதற்காக அதுவரை யாரும் என்னோடு கோபப்பட்டதில்லை. 'மாஷா அல்லாஹ் தங்கச்சி' என்று ஒரு பூப்படம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

குழுவைத் திறக்க அவருடைய போன் வேண்டும். போன் அவர் மனைவி, எங்கள் ராத்தாவிடம். புருஷன் மவுத்தான பெண் வீட்டோடு இருக்கிற இத்தாவில் ராத்தா இருக்கிறார். வெளி ஆண்கள் அவர் முன் போக முடியாது. முதல் தடவையாக ஒரு வேலைக்குப் பெண்கள் மட்டும் தேவைப்பட்டோம். மேர்சி அக்காவும் நானும் போனோம்.

ராத்தா போனை மடியில் வைத்திருந்தார். "சார்ஜ் போட்டுத்தான் வச்சிரிக்கன். நம்பர் எனக்குத் தெரியா. புள்ளைகளும் அடிச்சிப் பாத்திட்டாங்க. அவர்ர விரல வச்சாத்தான் திறக்கும்." போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த விரலத்தான் மையவாடியில கொண்டு போய் வச்சிட்டாங்களே" என்றார். அப்போதும் திரை ஒளிர்ந்தது. செய்தி தெரியாத யாரோ அவருக்குக் கதை அனுப்பியிருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நிந்தவூருக்கு ஒரு குழு, கல்முனைக்கு ஒரு குழு, 'சகோதரிகளுக்கு' தனியாக ஒன்று என்று எல்லோரும் பிரிந்தார்கள். எங்களுக்கு ஏன் தனிக் குழு என்று கேட்க முபாரக் சேருக்கு அழைப்பு எடுத்தேன்.

"உங்கட வசதிக்குத்தான் தங்கச்சி. கூச்சமில்லாம எழுதலாமே."

"நான் எப்ப சேர் கூச்சப்பட்டன்?"

"காக்கா இருந்தவரைக்கும் ஊருல ஒருத்தரும் வாய் திறக்கல்ல. இனி ஊர் கதைக்கிறதுக்கெல்லாம் ஆரு பதில் சொல்ற?"

"நீங்க சொல்லுங்களன்."

அழைப்பு முடிந்ததும் சேர் சகோதரிகள் குழுவின் இணைப்பை அனுப்பினார்.

மேர்சி அக்காவை ஒரு குழுவிலும் சேர்க்கவில்லை. மறந்துவிட்டார்களாம். தொடங்கிய மூன்று பேரில் ஒருவர் அவர்!

இதை என் பேஸ்புக் பக்கத்தில் எழுதுகிறேன், வேறு இடம் இல்லாததால். சகோதரிகள் குழுவின் இணைப்பை நான் தொடவில்லை. காக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: எல்லோரும் இருக்கிற இடத்தில், என் பெயரைச் சொல்லி, என் எழுத்தோடு ஒருவர் சண்டை பிடிக்கலாம் என்ற நம்பிக்கை. அதை வைத்துக்கொண்டு இனி நான் எங்கே போவது? அவரை அறிந்தவர்களே, சொல்லுங்கள். மேர்சி அக்காவும் கேட்கிறார்.