வினாகிரி பட்டு வெளுத்த இடம்

அவர் கடலோடு போய் எட்டு வருசம். பிள்ளைகள் இல்லை. எங்கள் கீரிக் கிராமத்தில் வீடு வீடாக வரும் மருத்துவமாது, "ஒருக்கா கிளினிக்குக்கு வாங்கோ அக்கா, கர்ப்பப்பை வாயைச் சோதிச்சுப் பாப்பம்" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "மனிசனே இல்லை. இனி என்னத்தைச் சோதிக்கப் போறீங்கள்?" எங்கள் பக்கத்தில் புருசனை இழந்தவர்கள் எல்லோரும் சொல்லும் பதில்தான். அவள் விடுகிற ஆள் இல்லை. தொல்லை தாங்காமல் போனேன்.

சோதனையில் ஏதோ மாற்றம் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் அம்மா அந்த இடத்தில் வினாகிரிக் காடி மாதிரி ஒன்றைத் தடவினார். மாதிரி என்ன, மீனுக்கு ஊற்றுகிற அதே புளித்த வாசம். பக்கத்துத் திரையில் எனக்கும் காட்டினார். இளஞ்சிவப்புத் தசையில் ஓர் ஓரம் மட்டும், வினாகிரியில் போட்ட மீன்துண்டு போல, மெல்ல மெல்ல வெளுத்தது. பயத்தை மறந்து பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் உடம்புக்குள் இப்படியொரு காரியம் நடந்திருக்கிறது, எனக்கு ஒரு நோவுகூட இல்லை.

"இது புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் ஆகியிருக்கும்" என்றார். தாம்பத்தியத்தில் தொற்றும் ஒரு வைரஸாம். அநேகமாக எல்லோருக்கும் வந்து, வந்த சுவடே தெரியாமல் போய்விடுமாம். சிலரில் மட்டும் போகாமல் தங்கி, வருசக்கணக்காகச் சத்தமில்லாமல் உடம்பின் நுண்ணிய கலங்களை மாற்றிக்கொண்டே இருக்குமாம்.

எனக்கு அவரைத் தவிர வேறு ஆணைத் தெரியாது. அவரோ மீன்பிடிக் காலத்தில் வாடிக் குடிசை போட்டு மாதக்கணக்கில் தூரக் கரைகளில் தங்கியவர்.

"வாடியில இருக்கேக்க அவருக்கு வேற ஆரும்..." என்று இழுத்தேன்.

"கலியாணத்துக்கு முந்தியே இருந்திருக்கலாம். அவருக்கே தெரிஞ்சிராது. எப்ப வந்ததெண்டு ஆராலும் சொல்லேலாது அம்மா."

வீடு வரும் வரை பஸ்ஸில் அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். எட்டு வருசத்துக்குப் பிறகு நல்ல சண்டை. கோபம் ஆறியபோது பிரமிப்புத்தான் மிஞ்சியது. கடல் அவர் உடலைக்கூடத் திருப்பித் தரவில்லை. கண்ணுக்கே தெரியாத இது மட்டும் அவரிடமிருந்து வந்து, இத்தனை காலம் எனக்குள் உயிரோடு இருந்திருக்கிறது.

வெளுத்த இடத்தை அகற்றினார்கள். மாதங்கள் கழித்து மறுபடியும் சோதித்தார்கள்.

"வைரஸும் இல்லை. எல்லாம் போயிட்டுது. சோதனைக்கு வாறதை மட்டும் விடாதேங்கோ."

நான் அழுதேன். உயிர் தப்பியதற்காக அழுகிறேன் என்று நினைத்து டொக்டர் அம்மா என் தோளைத் தட்டினார்.

பாதி அதற்காகத்தான்.