பின்சீட்டில் துரைக்கண்ணு

துரைக்கண்ணு பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்துத் தட்டி எழுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நீடாமங்கலத்தில் பலர் உண்டு. மெக்கானிக் அவர், ஆனால் வண்டியைக் கொண்டுவந்தவர்தான் ஓட்ட வேண்டும். கியர் ஒவ்வொன்றாக மாற மாற, அவருடைய வலது கை விரல்களும் ஒவ்வொன்றாக நிமிரும். பானெட்டைத் திறக்கும் முன் இந்தச் சவாரி கட்டாயம். "முன்சீட்ல ஒக்காந்தா கண்ணு ரோட்டுக்குப் போயிடுதுங்க. பின்சீட்ல கண்ண மூடுனா இடுப்பு சொல்லிடும்" என்பார்.

சட்டைப் பையில் நாலு பேனா இருக்கும், காகிதம் மட்டும் இருக்காது. எழுதுவதெல்லாம் இடது முன்கையில்தான். சோறு போடும்போது மனைவி மங்களாம்பிகை அதைப் படித்துவிட்டு, "யாரு வண்டிங்க இது, பிரேக்கே இல்லாம ஓடுது?" என்று கவலையோடு விசாரிப்பது வழக்கம்.

அன்று ஓட்டியவர் சபிஹா டீச்சர். நன்னிலத்தில் பள்ளிக்கூடம். இடது காலில் சிறு வயதிலிருந்தே பலம் கிடையாது, கிளட்ச் மிதிக்க முடியாது. பதினாறு வருடப் பழசான அந்த ஆட்டோமேட்டிக் கார் வந்த பிறகுதான் யாருக்கும் காத்திராமல் போய்வருகிறார். இரண்டு நாளாக டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. வண்டி மூன்றாம் கியரை விட்டு நகரவில்லை. தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, காயலான் கடையில் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"மறுபடியும் யாராச்சும் கூட்டிட்டுப் போவாங்களான்னு வாசல்ல நிக்கணுமாண்ணே?" என்றார் டீச்சர். துரைக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் முகத்தைக் கடுப்பாகவே வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். எடுத்த எடுப்பில் மூன்று விரல் நிமிர்ந்தது. கடைத்தெருவைச் சுற்றி வந்து நிற்கும்வரை அதே மூன்றுதான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே சிறிய கருவியைச் செருகினார். கைப்பேசியில் பி 0720 என்று பழுதைக் குறிக்கும் கோடு நம்பர் வந்தது. கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் வேகத்தை அளக்கும் சென்சாரிடமிருந்து ஒழுங்காகச் சேதி வரவில்லை என்று அர்த்தம். முன்கையில் எழுதிக்கொண்டார். "கோடுங்கிறது புகார் மாதிரிங்க டீச்சர். யாரு கத்துறான்னுதான் சொல்லும். யாரு அடிச்சான்னு சொல்லாது."

அடித்தது யாரென்று அவருக்குச் சந்தேகமே இல்லை. "எலிதான்" என்றார். அறுவடை முடிந்தால் வயல் எலிகள் கார்களுக்குக் குடிவருவதும் வயரைக் கடிப்பதும் வருடா வருடம் நடப்பது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பானெட்டுக்குள் அரை மணி நேரம் துழாவினார். ஒரு பல் தடம் கூட அகப்படவில்லை. எலி தன்னைக் கைவிட்டுவிட்டதில் மனுஷனுக்கு நிஜமாகவே வருத்தம்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "விளக்கு எரியறதுக்கு மொத நாளு எங்க போனீங்க?"

"மாமி வீட்டுக்கு."

"வழியில?"

"வழியில ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லன்னா ஏன் சிரிக்கிறீங்க?"

டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரோட்டுல உளுந்து செடி பரப்பி இருந்தாங்க. ஒரு அம்மா கை காட்டி, உளுந்து உதிரட்டும், மேல ஏத்திட்டுப் போம்மான்னுச்சு. ஏத்துனேன்."

"ஒரு தடவதானே?"

"நெத்து சரியா ஒடையலன்னுச்சு. பாவமா இருந்துச்சு. திருப்பித் திருப்பி... ஒரு ஒம்போது தடவ."

ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் நுழைந்த துரைக்கண்ணு அங்கேயே படுத்தபடி சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சக்கரத்துக்குப் போகும் அச்சில் உளுந்துக் கொடி நூல்கண்டு மாதிரி சுற்றிக் கிடந்தது. சுற்றின வேகத்தில் சென்சாரின் வயரையும் சேர்த்து இழுத்திருக்கிறது. பிளக் பாதி கழன்று தொங்கியது. கியர்பாக்ஸுக்கு ஒரு குறையும் இல்லை.

கொடியை அறுத்தெடுத்தார். பிளக்கைத் துடைத்து அழுத்தி மாட்டி, வயரை அச்சுக்கு எட்டாமல் தூக்கிக் கட்டினார். கொடியோடு வந்த உளுந்தை மறக்காமல் உதிர்த்து ஒரு தாளில் மடித்து, "அந்தம்மா பங்கு" என்று டீச்சரிடம் கொடுத்தார். பிறகு கைப்பேசியில் அந்தக் கோடு நம்பரை அழித்தார். "அழிக்கறது பெருசில்லங்க. திரும்ப வருதான்னு பாக்கணும். எடுங்க வண்டிய."

ஒரு விரல் நிமிர்ந்தது. இரண்டாவது நிமிர்வதற்குள் ரயில்வே கேட் மூடிக்கொண்டது. சரக்கு ரயில் ஆடி அசைந்து போகும்வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. டீச்சர்தான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கேட் திறந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. வயல்களுக்கு நடுவே சாலை நேராக நீண்டது.

"மிதிங்க டீச்சர்."

டீச்சர் மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். நான்காவது விரல் நிமிர்ந்தது. அந்த வண்டிக்கு மொத்தமே நாலு கியர்தான். கண்ணைத் திறக்காமலே துரைக்கண்ணு ஐந்தாவது விரலையும் நிமிர்த்தினார்.