ஏர்போர்ட் ரோட்டை அம்மா கடந்த காலை

எங்கள் நாய் பிழைத்துக்கொண்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் கடைசியில் அவர்கள் கேட்பது அதைத்தான். பிழைத்துக்கொண்டது என்றதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும். "அப்புறம் என்ன, விடு" என்பார்கள். நாய் செத்திருந்தால் என் கோபத்துக்கு ஒரு மரியாதை கிடைத்திருக்கும். பிழைத்துவிட்டதால், நான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறவள் ஆகிவிட்டேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். தொம்மலூரில் பழைய ஊருக்குள் லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பா லாரி ஓட்டினார்; மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அம்மா கார்மெண்ட்ஸில் காலர் தைத்தாள். ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு பெட்டை நாய்க்குட்டியை ஒருநாள் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் மடங்கியே இருக்கும். "ஒரு நாள் வெச்சுக்கினு விட்டுடலாம்" என்றாள். விடவில்லை. அவள் தையல் போட்டுப் போட்டு மரத்துப்போன விரல்களை அது நக்கிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

குட்டி வளர்ந்து ஓடி விளையாடத் தொடங்கிய நேரத்தில் அதற்கு நோய் வந்தது. முதலில் சாப்பிடவில்லை. பிறகு வாந்தி. பிறகு ரத்தமாகப் போகத் தொடங்கியது. வீடு முழுக்க ஒரு மோசமான வாடை. அம்மா அதைப் பழைய லுங்கியில் சுற்றி ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நானும் போனேன். அங்கிருந்த டாக்டர் அதன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த நோயில் பெரும்பாலான குட்டிகள் தப்புவதில்லை என்று நேராகவே சொன்னார். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாய்ப்பு உண்டு. தினமும் காலையில் கொண்டுவந்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது, மத்தியானம் ஆனால் ஆஸ்பத்திரி மூடிவிடும் என்றார். குளுக்கோஸ் ஏறும்போது அசையாமல் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையை, இன்னொருவர் ஊசி குத்திய காலை. அம்மா தலையைப் பிடித்தாள், நான் காலைப் பிடித்தேன்.

இரண்டாம் நாளும் அப்படியே போனது. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து தாமதமாகப் பள்ளிக்குப் போன பிறகுதான் அறிவிப்பு வந்தது. நாட்டின் பெரிய தலைவர் ஒருவர் மறுநாள் விமானத்தில் பெங்களூர் வருகிறார். அந்தக் காலத்தில் விமானத்தில் வருகிற எல்லோரும் ஏர்போர்ட் ரோடு வழியாக, அதாவது எங்கள் தொம்மலூர் வழியாகத்தான் ஊருக்குள் வந்தாக வேண்டும். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ரோட்டோரம் வரிசையாக நின்று கொடி ஆட்ட வேண்டும். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், வெள்ளை சாக்ஸ், ரிப்பன்.

எங்கள் வகுப்பு மிஸ் அதற்கு எங்களைத் தயார் செய்வதாக நினைத்து, ஆங்கிலப் புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தை எடுத்தார். வாசிப்பு வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு பத்தி படிக்க வேண்டும். விடுதலைக்காகச் சிறைக்குப் போன ஒரு பழைய தலைவரைப் பற்றிய பாடம் அது. அவர் மக்களோடு மக்களாக நடந்தார், வழியில் யார் வேண்டுமானாலும் அவரை நிறுத்திக் குறை சொல்லலாம், அவர் நின்று கேட்பார் என்று வரும். எனக்கு அந்தப் பத்தி வந்தது. நன்றாகவே படித்தேன். "இந்த மாதிரித் தலைவர்கள் நம்ம ஊருக்கு வர்றது நமக்குப் பெருமை" என்று மிஸ் பாடத்தை முடித்தார். நான் அவரிடம் போய் நின்றேன்.

"மிஸ், நாளைக்கு எனக்கு லீவு வேணும். எங்க நாய்க்கு ரொம்ப முடியலை. டிரிப்ஸ் போடறப்ப பிடிக்க ரெண்டு பேர் வேணும்."

மிஸ் சிரித்தார். கெட்டவர் இல்லை அவர். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிற, அரசு வேலை பார்த்த குடும்பத்துத் தமிழ்ப் பெண். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் படிப்பு வர வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவர். ஆனால் சிரித்தார். "நாய்க்காக லீவா? ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத் திட்டுவாங்கம்மா. நாளைக்கு எல்லாரும் கட்டாயம் வரணும். அம்மாவைப் போகச் சொல்லு."

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே எங்களை ரோட்டோரம் நிறுத்திவிட்டார்கள். ஆளுக்கு ஒரு காகிதக் கொடி, குச்சியில் ஒட்டியது. எதிர்ப்பக்கமும் இந்தப் பக்கமும் கயிறு கட்டி, சில அடிக்கு ஒரு போலீஸ்காரர். வண்டி எதுவும் இல்லாத ஏர்போர்ட் ரோட்டை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். விமானம் தாமதம் என்றார்கள். நின்றோம். ஒரு பெண்ணுக்கு மயக்கம் வந்து, அவளைக் கடை நிழலில் உட்கார வைத்தார்கள். சிறுநீர் வருகிறது என்றவர்களை அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா தனியாக எப்படிச் சமாளிக்கிறாளோ என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவள் இந்நேரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். அப்போது எதிர்ப்பக்கக் கயிற்றுக்குப் பின்னால் அம்மாவைப் பார்த்தேன்.

எங்கள் வீடு அந்தப் பக்கம். ஆஸ்பத்திரி நான் நின்ற பக்கம், உள்ளே தள்ளி. ஆட்டோக்காரர் கயிறு வரைக்கும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். எந்தச் சந்தில் வந்தாலும் இந்த ரோட்டைக் கடந்துதான் ஆக வேண்டும். அம்மா லுங்கிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கிருந்த போலீஸ்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அம்மா கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொருவரிடம் சொன்னாள். அவரும் தலையை ஆட்டினார். பொட்டலத்திலிருந்து மடங்கிய காது வெளியே தொங்கியது. அது அசையவில்லை.

அம்மா யாரிடமும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஃபேக்டரியில் சூப்பர்வைசர் திட்டினால் வீட்டில் வந்துகூடச் சொல்ல மாட்டாள். அந்த அம்மா அன்று குனிந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து, அந்த வெறும் ரோட்டில் நடந்து வரத் தொடங்கினாள். ஓடவில்லை. ஓடினால் நாய்க்கு வலிக்கும்.

விசில் ஊதினார்கள். ரோட்டின் நடுவிலிருந்த இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார்.

"ஏனம்மா, தலெ கெட்டிதியா?" என்று கன்னடத்தில் கத்தினார். பைத்தியமா உனக்கு என்று கேட்டார்.

"நாயி சாய்த்தா இதெ, சார்," என்றாள் அம்மா. நாய் செத்துக்கொண்டிருக்கிறது, சார். அதைச் சொல்லும்போதும் அவள் நிற்கவில்லை.

அதற்குள் அவள் எங்கள் பக்கம் வந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். திருப்பி அனுப்ப நேரமில்லாத ஆத்திரம் அது. அம்மா முட்டி போட்டு விழுந்தாள். கை இரண்டும் நாயைப் பிடித்திருந்ததால் ஊன்ற முடியவில்லை. முழங்கை நடைபாதைக் கல்லில் உரசிக் கிழிந்தது. நாயை மட்டும் அவள் விடவில்லை.

எங்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பின்னால் மிஸ், "ச்சே, யாரு இந்த லேடி, இந்த நேரத்துல," என்றார். நான் வரிசையை விட்டு ஓடினேன். என் கையிலிருந்த கொடி கீழே விழுந்தது. நான் அதை எறியவில்லை. கொடியை வைத்துக்கொண்டு நாயைத் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

அதே நேரத்தில் தூரத்தில் சைரன் கேட்டது. இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் தள்ளிக் குந்தச் சொன்னார். வருகிறவர் கண்ணில் நாங்கள் படக்கூடாது. அம்மாவும் நானும் நாயும், என் வகுப்புப் பெண்களின் நீலப் பாவாடைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தோம். கால்களுக்கு நடுவே தெரிந்த சந்தில்தான் நான் அந்தத் தலைவரின் வருகையைப் பார்த்தேன். டயர்கள் தெரிந்தன. கறுப்புக் கண்ணாடி ஏற்றிய கார்கள் வரிசையாக, நின்றுவிடுவோமோ என்று பயந்ததுபோல் அவ்வளவு வேகமாகப் போயின. ஒரு கண்ணாடியும் இறங்கவில்லை. பிள்ளைகள் கொடியை ஆட்டிக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் நாய்க்குட்டி ஒருமுறை கண்ணைத் திறந்து மூடியது.

கயிறு அவிழ்ந்ததும் ஓடினோம். மிஸ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கிளம்பத் தயாராகப் பையை எடுத்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் பையை வைத்துவிட்டு, காய்ந்துபோன காலில் நரம்பைத் தேடித் தேடி ஊசியை ஏற்றினார். பிறகு நாய்க்கு வைத்திருந்த பஞ்சிலேயே மருந்தை நனைத்து அம்மாவின் முழங்கையைத் துடைத்தார். "இது எப்படி ஆச்சு?" என்றார். "விழுந்துட்டேன்," என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது ரோட்டில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. காகிதக் கொடிகள் நூற்றுக்கணக்கில் கீழே கிடந்தன, பஸ் டயர்கள் அவற்றின்மேல் ஏறிப்போயின. பிள்ளைகள் போட்டவை, பெரியவர்கள் போட்டவை. ஒருவரும் பொறுக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த நாள் பள்ளியில் என் மேல் சொல்லப்பட்ட குற்றம் வரிசையை விட்டு ஓடியது இல்லை. தேசியக் கொடியைத் தரையில் எறிந்தேன் என்பது.

வாசிப்பு வகுப்பு வந்தது. மிஸ் அதே பாடத்தைத் திறக்கச் சொல்லி என்னை எழுப்பினார். "மொத்தமும் நீயே படி. சத்தமா. நாட்டுக்கு மரியாதைன்னா என்னன்னு அப்பவாவது புரியும்." நான் தொடங்கினேன். பிறப்பு, படிப்பு, சிறை எல்லாம் படித்தேன். வழியில் யார் வேண்டுமானாலும் அவரை நிறுத்தலாம் என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"படி."

"மாட்டேன் மிஸ்."

"ஏன்?"

"நேத்து எங்கம்மா நிறுத்தக்கூட இல்லை மிஸ். கிராஸ்தான் பண்ணாங்க."

மிஸ்ஸின் முகம் மாறியது. ரோட்டில் விழுந்த பெண்ணைப் பார்த்து 'யாரு இந்த லேடி' என்று தான் கேட்டது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒரு டீச்சர் என்ன செய்வார். "இந்தப் பாடம் அந்தக் காலத் தலைவரைப் பத்தி. அவர் வேற, இவர் வேற," என்றார்.

"அப்போ ஏன் மிஸ் அவரைப் படிச்சிட்டு இவருக்குக் கொடி ஆட்டச் சொன்னீங்க?"

என்னை வெளியே நிற்கச் சொன்னார். பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு அனுப்பினார். அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார்கள்.

அம்மா அரை நாள் லீவு போட்டு வந்தாள். முடியில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது, முழங்கையில் பஞ்சு. ஹெட்மிஸ்ட்ரஸ் உட்காரச் சொல்லவில்லை. கொடியை அவமதித்தது, டீச்சரை எதிர்த்துப் பேசியது, இரண்டுக்கும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். எனக்குள் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. போலீஸுக்கே நிற்காத அம்மா இவளுக்கா நிற்கப்போகிறாள்? கொடியெல்லாம் ரோட்டில் கிடந்ததைச் சொல்வாள், தன் முழங்கையைக் காட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சாரி சொல்லு," என்றாள் அம்மா.

நான் அவள் முழங்கைப் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சும்னே நிக்காத. சொல்லு." சும்மா என்பதற்கு அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

நான் அப்போதும் பேசவில்லை. அம்மா ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கம் திரும்பி, "பொண்ணு தெரியாம பண்ணிடுச்சு மேடம். அதுக்கு பதிலா நான் கேட்டுக்கறேன்," என்று கும்பிட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் அதை ஏற்றுக்கொண்டார். பெரிய மனது செய்து ஏற்றுக்கொண்டார்.

வீடு வரைக்கும் நான் அம்மாவோடு பேசவில்லை. அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. தலைவர் மேல், இன்ஸ்பெக்டர் மேல், மிஸ் மேல் இருந்த கோபமெல்லாம் சேர்ந்து அவள் மேல் போய் நின்றது. அவளோ தினமும் காலையில் நாயைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். ஒருநாள் அது கஞ்சித் தண்ணீரை நக்கியது. அதற்கடுத்து எழுந்து நின்று, தள்ளாடி, மறுபடி உட்கார்ந்தது. வருஷக்கணக்கில் எங்களோடு இருந்தது, தெருவில் போகிற பால் வண்டியையெல்லாம் துரத்தியது, கிழடாகித்தான் செத்தது.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மாவிடம் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு ரோட்டுல அவ்வளவு தைரியமா வந்தியே, ஸ்கூல்ல ஏன் கும்பிட்ட?"

முறத்தை நிறுத்தாமல் சொன்னாள்: "ரோட்டுல நாய் சாகக் கெடந்துச்சு. ஸ்கூல்ல யாரு சாகக் கெடந்தாங்க?"

அவள் கணக்கு அவளுக்குச் சரி. ஓர் உயிர் போகிறதென்றால் யாரையும் கடந்து போவாள். மானம் மட்டும் போகிறதென்றால் அதைக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புவாள். எத்தனை பேர் அப்படிக் கொடுத்துக்கொடுத்துத்தான் இந்த நாட்டில் கயிறு கட்டுகிறவர்கள் கயிறு கட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அவளிடம் அதைச் சொன்னதில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, நான் டி.சி. வாங்காமல் படித்து முடித்தது அவள் கும்பிட்ட கும்பிடில்தான்.

ஆனால் கோபம் தீரவில்லை. இப்போதும் யாராவது, இந்த நாட்டுக்கு உறுதியான தலைவர் வேண்டும், ஒரு சொல் சொன்னால் எல்லாம் நின்றுவிட வேண்டும் என்று என் முன்னால் பேசினால் எனக்கு உடம்பு எரிகிறது. எல்லாம் நின்றுபோன ஒரு ரோட்டை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தி மட்டும் நடந்தாள், அவளைத்தான் தள்ளிவிட்டார்கள்.