சுவரில் அடித்த விதை

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நேரில் கேட்டால் வாயில் சொல் வராது, அதனால் எழுதுகிறேன். நடுநடுவே மறந்தும் போகிறது. முந்தினது பிந்தினது மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் குரோம்பேட்டைக்குக் குடி வந்தோம். அதற்கு முன் பெரம்பூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். எட்டுக் குடும்பத்துக்கு ஒரு குழாய். குடத்தோடு வரிசையில் நிற்கும்போது யாராவது முகத்தைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும். யாரும் பார்க்காமல் ஒரு குடம் தண்ணீர் எடுக்க வேண்டும், நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் ஒரு பட்டறையில் பிட்டர். செம்பாக்கம் ஏரிக்குக் கிட்டே ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். அங்கே அப்போது கரண்டு இல்லை, கடை இல்லை, பஸ்ஸுக்கு ரொம்ப தூரம் நடக்க வேண்டும். ஒரு கிணறு மட்டும் வெட்டியிருந்தது. அந்தக் கிணற்றை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

அவருக்குத்தான் பயம். "வெண்டைக்காய் செடியில காய்க்குமா கொடியில காய்க்குமான்னு தெரியாத டவுன்காரி நீ. அங்க போய் இன்னா பண்ணுவ? இந்தக் குரோம்பேட்டை கொல்லையிலயே பழகு. ஒரே ஒரு காய் காய்க்க வெச்சுக் காட்டு, வீடு கட்டறேன். இல்லேன்னா மனையைக் கேக்கற ஆளுக்குக் குடுத்துடறேன்" என்றார். பட்டறையில் ஒருவர் அந்த மனையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தீபாவளிக்குள் பதில் சொல்வதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

குரோம்பேட்டை வீட்டில் முன்பக்கம் வீட்டுக்காரம்மா குடும்பம், பின்பக்கம் நாங்கள். கொல்லை எங்களுடையது. பச்சைச் சாணியை அள்ளி அள்ளிப் போட்டதில் கத்தரி நாற்று வெந்து போயிற்று. ஒரு கோழி வாங்கிப் பதினோரு முட்டை அடை வைத்தேன். நாலாம் நாள் ஊரே அதிர இடி இடித்தது. இருபத்தோரு நாள் ஆகியும் ஒரு குஞ்சு வரவில்லை. உடைத்துப் பார்த்தால் எல்லாம் கூழ்.

பால் கொண்டுவருகிற அம்மா கேட்டாள். "கூடையில இரும்புத் துண்டு போட்டியா?"

"போடலியே. ஏன் போடணும்?"

"இடி தாங்கத்தான். பிட்டர் வூட்ல இரும்புக்கா பஞ்சம்?" என்று சிரித்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கொடி ஏதாவது போட்டுப் பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள். கொடி ஏற்றக் கயிறு கட்டுவதற்காகக் கொல்லைச் சுவரில் ஆணி அடிக்கப் போனேன்.

அந்தச் சுவரில் வட்ட வட்டமாக ஏழு புடைப்பு இருந்தது. மேலே சுண்ணாம்பு அடித்திருந்ததால் சுவரே வீங்கின மாதிரி இருக்கும். அதுவரை நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆணி பட்டதும் ஒன்று பிளந்து என் காலடியில் விழுந்தது. உள்ளே காய்ந்த சாணி. சாணிக்குள்ளே விதைகள், ஒன்றுகூடச் சொத்தையில்லாமல்.

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாமா, சுவத்த பேத்துகினு கீற?"

விதையைக் காட்டினேன்.

"அதுவா. சுரை விதை. பூச்சி வராம சாணில வெச்சு சுவத்துல அடிப்பாங்க. உனுக்கு முன்ன இருந்த அம்மா அடிச்சது. எருமுட்டைன்னு நெனச்சு எங்காளு அது மேலயே வெள்ளையடிச்சுட்டாரு."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"அதுவும் உன்ன மாதிரிதாம்மா. ஏரிப்பக்கம் மனை வாங்கிட்டு, போறேன் போறேன்னு இந்தக் கொல்லையில எல்லாம் பழகிகினு இருந்துச்சு. ஜொரம் வந்து மூணே நாள்ல செத்துப்போச்சு. அது புருஷன் மனையை வித்துட்டு ஊரோட போயிட்டாரு. நீ பயப்படாத, வேற ரூம்புலதான்" என்றாள். எங்களுக்கு இருந்ததே ஒரே ரூம்தான்.

அவள் போன பிறகு இன்னொரு புடைப்பின் மேல் சுண்ணாம்பைச் சுரண்டினேன். சாணியில் ஐந்து விரல் பதிந்திருந்தது. என் கை சின்னக் கை. வளையல்காரர் சின்னப் பிள்ளைகளுக்கான பெட்டியைத் திறந்துதான் எனக்கு வளையல் எடுப்பார். அந்தக் கையை அந்த விரல்களின் மேல் வைத்தேன். ஒரு நூல் கூடக் குறையாமல் பொருந்தியது. சுவர் வெயிலில் காய்ந்து கிடந்தது, விரல் பதிந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆடியில் அந்த விதையைத்தான் போட்டேன்.

போட்டதெல்லாம் முளைத்தது. கொடி வளர்ந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் பார்த்த இடத்தில் சாயங்காலம் இருக்காது. கயிற்றை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக ரூமுக்குள் வந்தது. ஜன்னல் ஆணியில் என் கண்ணாடி வளையல் ஒன்றை மாட்டி வைத்திருந்தேன். கொடியின் சுருள் அதை மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தது. கழற்ற எனக்குக் கை வரவில்லை. நான் தண்ணீர் ஊற்றப் போகும்போது சில நாள் பாத்தி ஏற்கெனவே நனைந்திருக்கும். அவர் ஊற்றியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் ஊற்றுகிறேன் என்று அவர் நினைத்தார். இது பின்னால் பேசும்போதுதான் தெரிந்தது.

பூ மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. எல்லாம் ஆண் பூ. அடியில் பிஞ்சோடு ஒரு பூ இல்லை. புரட்டாசி முடியப் போகிறது, தீபாவளி நெருங்குகிறது.

பால்காரம்மா ஒரு வழி சொன்னாள். "உன் புருஷன அருவாளோட கொடிகிட்ட நிக்கச் சொல்லு. 'நீ காய்க்க மாட்ட, வெட்டறேன்'னு அதட்டணும். நீ எதிர்ல நின்னு கொடிக்காகக் கெஞ்சணும். 'வெட்டாத, காய்க்கும்'னு வாய்விட்டுச் சொல்லணும். மனசுக்குள்ள சொல்லிக்கினா அதுக்குக் கேக்காது."

அவர் சிரித்தார். ஆனாலும் ஐப்பசி பிறந்ததும் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்துக்கொண்டார். அன்று வீட்டுக்காரம்மா குடும்பம் முழுக்கத் திருத்தணிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தது. முன்கதவில் பூட்டு தொங்கியது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான் நானும் அன்றைக்குச் சரி என்றேன்.

அவர் கொடியின் அடித்தண்டில் அரிவாளை வைத்து, "நீ காய்க்கவே மாட்டியா? இதோ வெட்டறேன் பாரு!" என்று சத்தம் போட்டார். விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல முகம் மாறிவிட்டது. மனை, வீடு, இத்தனை நாள் தொந்தரவு, எல்லாம் அந்தக் குரலில் இருந்தது. அரிவாளை நிஜமாகவே ஓங்கினார்.

நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியதை இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். வாய் திறக்கவில்லை. நாக்கு உள்ளே ஒட்டிக்கொண்டது. கட்டின புருஷன் முன்னால்கூட எனக்கு அப்படித்தான்.

அப்போது குரல் கேட்டது.

"வெட்டாதீங்க. போறதுக்குள்ள காச்சிடும்."

என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பின்னால் சுவர்தான். கேட்க என் குரல் மாதிரியேதான் இருந்தது, ஆனால் கூச்சம் இல்லாத குரல்.

அவர் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, "போறதுன்னு முடிவே பண்ணிட்டியா நீ?" என்றார், மெதுவாக. நான் தலையை ஆட்டினேன். நான் பேசவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, கடைசிவரை சொல்லவில்லை.

எட்டாம் நாள் முதல் பெண் பூ வந்தது. தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு காயைப் பறித்தேன். கூட்டு வைத்தேன். அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, மனையைக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீடு கட்டி முடிய ஒன்றரை வருஷம் ஆனது. புறப்படுகிற அன்று, முற்றவிட்ட ஒரு காயின் விதைகளைச் சாணியில் வைத்து, பிளந்து விழுந்த அந்த இடத்திலேயே அடித்தேன். "அதான் போறோமே, இன்னும் இங்க இன்னா வேலை?" என்று வண்டியில் இருந்து கூப்பிட்டார். விரலை எடுக்கும்போது சாணி கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. சாணி அப்படித்தான் பிடிக்கும், தெரியும்.

செம்பாக்கத்தில் முதல் நாள் நான் தனியாகக் கிணற்றடிக்குப் போனேன். சுற்றிலும் ஏரிக்காற்று, ஒரு ஆள் இல்லை. குடத்தை மேலே இழுத்து வைத்துவிட்டு, "வந்துட்டோம்" என்று சத்தமாகச் சொன்னேன். அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னும் பேசினதில்லை, பின்னும் பேசினதில்லை. என் கை நடுங்கவில்லை.

இதையெல்லாம் யாராவது ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். சுவரில் இருந்தது ஏழா எட்டா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கல்யாணம் திருத்தணியில்தானா, அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோருமே போனார்களா, யாராவது உள்ளே தங்கிவிட்டார்களா என்பதை வீட்டுக்காரம்மாவின் மகளைக் கேட்டால் தெரியும். அவள் இன்னும் குரோம்பேட்டையில்தான் இருக்கிறாள். எனக்குக் கேட்கக் கூச்சம். யாராவது தங்கியிருந்தார்கள் என்று தெரிந்தால் மேலே எழுதியதைத் திருத்திவிடுங்கள். இறந்துபோன அந்த அம்மாவின் பேரையும் கேட்டு வையுங்கள். அவர்கள் பேர் இன்றுவரை எனக்குத் தெரியாது.