கறுப்புத் திரை நெடுமாறன்

நாற்காலியில் உட்காருவதற்கு முன் நெடுமாறன் மவுஸின் வாலைப் பிடித்துத் தூக்கி, செத்த எலியை அப்புறப்படுத்துகிறவன் போல மேசையின் கோடியில் வைப்பான். பிறகு இரண்டு கைகளையும் தொடையில் துடைத்துக்கொள்வான். விசைப்பலகையில் எதையோ தட்ட, திரையில் ஒரு கறுப்புச் சதுரம் திறக்கும். அதற்குள் வெள்ளை எழுத்தில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருக்கும். அப்போதுதான் அவன் முகத்தில் வெளிச்சம் வரும்.

"படத்த பாத்து தட்றது கொழந்திங்க வேலைக்கா. கிளிக் பண்றவங்க எல்லாம் கம்ப்யூட்டர்ல வாடகைக்கு இருக்கறவங்க. நான் வூட்டுக்காரன்" என்பான்.

இதை நிர்மலா ஆறு வருடமாகக் கேட்கிறாள். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்து வீதியில், ஒரு தையல் கடைக்கு மேலே, அவளுக்கு ஓர் அறை உண்டு. பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுப்பது அவள் தொழில். கணினி முரண்டு பிடித்தால் அரியாங்குப்பத்திலிருந்து நெடுமாறன் ஸ்கூட்டரில் வருவான். வயது முப்பத்தெட்டு. தோள்பையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் நிறைய அபிப்பிராயமும் இருக்கும்.

அவனுக்குத் தெரிந்த கட்டளைகள் பதினைந்து இருக்கலாம். கோப்புகளைப் பட்டியலிட ஒன்று, நகலெடுக்க ஒன்று, அழிக்க ஒன்று, இணையம் வருகிறதா என்று பார்க்க ஒன்று. அந்தக் கடைசிக் கட்டளையைத் தட்டும்போது, "எதிர்ல இருக்கறவன் உசுரோட இருக்கானான்னு கதவ தட்டி கேக்கறேன்" என்று விளக்கம் வேறு. வேலையே இல்லாவிட்டாலும் கணினியின் வட்டில் உள்ள அத்தனை கோப்புகளின் பெயரையும் வரிசையாக ஓடவிடுவான். வெள்ளை எழுத்துகள் அருவி மாதிரி கொட்டும். சான்றிதழ் வாங்க வந்து உட்கார்ந்திருப்பவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கிறார்களா என்று அவன் ஓரக்கண்ணால் பார்ப்பான்.

எழுத்துப் பிழை இல்லாமல் ஒரு வரியை முதல் தடவையில் அவன் அடித்ததை நிர்மலா பார்த்ததில்லை. தப்பு வந்தால் விசைப்பலகையைத் திட்டுவான். மறுபடி முழுதும் அடிக்கச் சோம்பல்பட்டு மேல்நோக்கிய அம்பு விசையை அழுத்துவான். முன்பு அடித்த வரி அப்படியே திரும்ப வரும். அதில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு ஏதோ சாதித்தவன் போல என்டரைக் குத்துவான். ஒரு நிமிடத்தில் அவளே தேடி எடுத்திருக்கக்கூடிய கோப்பை, பத்து நிமிடம் போராடி எடுத்துக் கொடுத்துவிட்டு, "பாத்தீங்களா" என்பான்.

இருந்தும் அவனையே ஏன் கூப்பிட்டாள் என்றால், ஒரு மழைக்காலத்தில் கரண்ட் போய் வட்டு கெட்டபோது, அவன் ஒரு கட்டளையைத் தட்டி அரை நாள் காத்திருந்து அதைப் பிழைக்க வைத்தான். அந்த ஒரு நன்றியை அவள் ஆறு வருடம் நீட்டிவிட்டாள்.

சென்ற மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வட்டில் இடம் இல்லை என்று கணினி சொன்னது. அதில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. 'நிர்மலா' என்பதில் நடப்பு வேலைகள். 'நிர்மலா ஓல்டு' என்பதில் யாருக்கும் வேண்டாத பழைய தாள்கள். இரண்டையும் அவள்தான் அப்படிப் பெயரிட்டு வைத்திருந்தாள்.

"பழச மட்டும் எடுத்துடு நெடுமாறா. ரைட் கிளிக் பண்ணி டெலிட் குடுத்தா போதும்ல?"

அவன் சிரித்தான். "கிளிக் பண்ணா அது குப்பைத்தொட்டிக்கு போவும், அப்புறம் தொட்டிய காலி பண்ணணும். சுத்துவழி. நம்மகிட்ட வேரோட புடுங்கற வழி இருக்கு."

ஒரு வரி அடித்தான். என்டரைக் குத்தினான். திரை சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதை அவன் படிக்கவில்லை. "முடிஞ்சிது" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

நிர்மலா மேசைக் கோடியிலிருந்து மவுஸை எடுத்து வந்து வட்டைத் திறந்தாள். 'நிர்மலா ஓல்டு' பத்திரமாக இருந்தது. 'நிர்மலா' இல்லை. குப்பைத்தொட்டியிலும் இல்லை.

அந்தக் கோப்புறைக்குள் இருந்தவற்றில் ஆதிமூலத்தின் முப்பத்தொரு பக்கமும் ஒன்று. ஆதிமூலம் மில் தொழிலாளியாக இருந்து ஓய்ந்தவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தா, அதாவது சிப்பாய். அந்த வழியில் தன் குடும்பத்துக்கு உள்ள குடியுரிமையை நிரூபிக்க, மூன்று வருடமாக ஒவ்வொரு தாளாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பிரெஞ்சுத் தூதரகத்தில் அவருக்கு நேரம் குறித்திருந்தது. ஞாயிறு மாலை வந்து மொழிபெயர்ப்பை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

நெடுமாறன் திரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "வைரஸ்க்கா. தெரியாத பென் டிரைவ் எதுனா சொருவினீங்களா?"

கறுப்புச் சதுரம் இன்னும் திறந்தே இருந்தது. அவன் விரல்களை ஆறு வருடம் பார்த்த நிர்மலா, குனிந்து மேல்நோக்கிய அம்பு விசையை ஒருமுறை அழுத்தினாள். அவன் அடித்த வரி அப்படியே வந்து நின்றது. ஓர் இலக்கம் இடம் மாறினால் ஒருவர் பிறந்த தேதியே மாறிவிடும் தொழில் அவளுடையது. அந்த வரியில் இருந்த சின்ன வெற்றிடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த எடவெளி என்னா?"

அவன் குனிந்து பார்த்தான். "பேர்ல எடவெளி இருந்தா... ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடணும்க்கா. இல்லன்னா அது ரெண்டு பேரா எடுத்துக்கும்."

"அப்ப மொத பேர நிர்மலான்னு எடுத்துகிச்சி."

"ம்."

"அத்த அழிச்சிட்டு, ஓல்டுன்னு இன்னொண்ண தேடிச்சி."

"ம்."

"அப்படி ஒண்ணும் இல்லன்னு அது ஒனக்கு சொல்லியும் இருக்கு. மேல பாரு. வூட்டுக்காரனுக்கு வூடு சொன்னது காதுல வுழல."

அவனைத் திட்டிய வேகத்தில் அவளுக்குத் தன்மீதும் கோபம் வந்தது. ஊரார் சான்றிதழுக்கெல்லாம் இரண்டு நகல் கேட்கிறவள், தன் உழைப்புக்கு ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை.

அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றை அவன் இறக்கினான். அது படமும் பொத்தானுமாகவே இருந்தது. நெடுமாறன் மவுஸைக் கையில் பிடித்து, பழக்கமில்லாதவன் சைக்கிள் ஓட்டுவது போல அப்படியும் இப்படியும் வளைத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினான். சாயங்காலத்துக்குள் ஆதிமூலத்தின் பன்னிரண்டு பக்கங்கள் முழுசாகக் கிடைத்தன. மற்றவை திறந்தால் கட்டம் கட்டமாகக் குப்பை.

பத்தொன்பது பக்கத்தை மறுபடி எழுத வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவனை வரச் சொன்னாள். வந்தான். மூலச் சான்றிதழ்களை அவன் கையில் கொடுத்து, பெயர், ஊர், தேதி ஆகியவற்றை மட்டும் உரக்கப் படிக்கச் சொன்னாள். அவள் பிரெஞ்சில் தட்டிக்கொண்டே போனாள்.

பதினோரு மணிக்கு அவன் வாயைத் திறந்தான். "அக்கா, இதுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினோம்னா ஒரே நிமிஷத்துல..."

"தேதிய படி."

படித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழை ஐம்பத்தேழு என்று படித்தான். அவள் தாளைப் பிடுங்கிப் பார்த்துத் திருத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவன் ஒவ்வோர் எண்ணையும் விரல் வைத்துப் படித்தான். ஞாயிறு மூன்று மணிக்குக் கடைசிப் பக்கம் முடிந்தது. நிர்மலாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஐந்து மணிக்கு வந்த ஆதிமூலத்திடம், "கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிடிச்சிங்க, ரெண்டு பேரும் ரெண்டு நாளா ஒக்காந்து திரும்ப அடிக்க வேண்டியதாயிடிச்சி" என்று மட்டும் சொல்லி உறையை நீட்டினாள். நெடுமாறன் அப்போது சன்னல் வழியாக வீதியை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் நகல் எடுத்து வைப்பதற்கென்று தனி வட்டு ஒன்றைப் பொருத்த வந்திருந்தான். அந்த நேரத்தில் ஆதிமூலம் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

"எல்லா தாளயும் பாத்து வாங்கிகிட்டாங்கம்மா. ஒரு எழுத்து கொற சொல்லல" என்றார். கையிலிருந்த பையைப் பிரித்து ஜரிகைக்கரை போட்ட சால்வை ஒன்றை எடுத்தார். "மிஷின் கெட்டுப்போயும் ரெண்டு நாளா ரெண்டு பேரும் ஒக்காந்து பண்ணிங்க. ஒண்ணுதான் வாங்கியாந்தேன், தப்பா நெனச்சிக்காதீங்க."

சால்வையை உதறி விரித்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, யாருக்கு முதலில் என்று தெரியாமல் அவர் தயங்கினார். நிர்மலா அவனைப் பார்த்தாள்.

நெடுமாறன் எழுந்து நின்று, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, குனிந்து கழுத்தை நீட்டினான்.