ஐந்து நிமிடமும் வணக்கம்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் காலை நடைக்குச் செல்பவர் காதில் எதையும் செருகிக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்பது மணிக்குச் சற்று முன்னதாகத் தெருமுனையில் கால் வைத்தால் போதும். முதல் வீட்டு வானொலி தொடங்கிய வாக்கியத்தை இரண்டாம் வீட்டு வானொலி வாங்கிக்கொள்ளும். மூன்றாம் வீடு அதை முடித்துவைக்கும். தறிகளின் ஓசை நடுநடுவே காற்புள்ளி இட்டுக்கொண்டே வரும். பட்டுப் பாவினைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தால் ஓரமாக ஒதுங்கி நடக்க வேண்டும். அப்போதும் ஒரு சொல் தப்பாது. நான் இவ்வூருக்கு வந்த முதல் வாரத்தில் அவ்வாறு நடந்தபடி கேட்ட செய்தி இது: "இன்னைக்கி சாயந்தரம் சாமி யானை வாகனத்துல வர்றாரு. ராஜவீதி பக்கம் யாரும் வண்டி எடுத்துக்கினு வராதீங்கபா. வந்து மாட்டிக்கினு அப்புறம் எனக்குப் போன் போட்டுத் திட்டாதீங்க." நான் பிறந்து வளர்ந்த தைப்பிங் நகரில் போக்குவரத்து நெரிசலுக்குக் காரணம் மழையாக இருக்கும், அல்லது கவிழ்ந்த சரக்குந்தாக இருக்கும். தைப்பூச நாளில் மட்டுமே முருகப்பெருமான் அப்பொறுப்பை ஏற்பார். இங்கோ தெய்வங்கள் முறைவைத்துக்கொண்டு வீதியை மறிக்கின்றன. மக்களும் அதை வானிலை அறிக்கையைப் போலக் கேட்டுக்கொண்டு வேறு தெரு வழியாகச் செல்கிறார்கள்.

மலேசியாவிலும் பிற நாடுகளிலும் இதைப் படிக்கும் அன்பர்களுக்கு என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். தைப்பிங்கில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மகள் கயல்விழி, பினாங்கில் சில ஆண்டுகள் பணியாற்றிய காஞ்சிபுரத்து இளைஞரை மணந்தாள். அவர் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பியபோது மகளும் உடன் வந்தாள். பிறகு, மனைவியை இழந்து தனித்திருந்த என்னையும் வரவழைத்தாள். மகள் புகுந்த வீட்டில் தந்தை தங்குவது எளிதன்று. மருமகனின் தந்தை ஏகாம்பரம் பட்டு நெய்பவர். நான் உண்டு எழும்வரை அவர் உண்ண அமரமாட்டார். உண்ட தட்டை நான் கையில் எடுத்தால் சம்பந்தியம்மாள் விரைந்து வந்து வாங்கிக்கொள்வார். விருந்தினனாக இருப்பது இனிது. நாள்தோறும் விருந்தினனாகவே இருப்பது மெல்லிய தண்டனை. ஆகவே மகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: சித்திரைக்குள் இவ்வூரில் எனக்கென்று ஒரு பணி அமையாவிட்டால் தைப்பிங்குக்குத் திரும்பிவிடுவேன். "சரிப்பா. ஆனா யார் பேசுறதையும் திருத்தாம வேலை தேடுங்க" என்றாள் மகள்.

அது அத்துணை எளிதாக இருக்கவில்லை. நல்ல தமிழ் நெடுகிலும் ஒலிக்கும் என்று நம்பி வந்த எனக்குத் 'தானி' என்று கூப்பிட்டால் எந்த வண்டியும் நிற்காது, 'ஆட்டோ' என்று கைதட்டினால்தான் நிற்கும் என்பது புரியவே பல நாள் ஆயிற்று. எங்கள் நாட்டில் காலையில் ஒருவரைக் கண்டால் "பசியாறியாயிற்றா?" என்று கேட்பது வணக்கத்துக்கு நிகர். அவ்வாறே நான் பூக்கார அம்மையாரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தம் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டி, "பசிக்குதுன்னா நேரா சொல்ல வேண்டியதுதான ஐயா? நீங்க சிலோனா?" என்றார். அது மலேசிய வழக்கு என்று விளக்கினேன். "எல்லாம் ஒண்ணுதான், கடல் தாண்டித்தான வர்றீங்க" என்று இன்னொரு பழத்தையும் தந்தார்.

பணி தேடும் என் எண்ணம் அந்தக் காலை வானொலியில் சென்று நின்றதில் வியப்பில்லை. ஊருக்கென்றே நடக்கும் சிறிய நிலையம் அது. ஒரு மணி நேரப் பேச்சு. அதில் மின்தடை, பேருந்து மாற்றம், நியாயவிலைக் கடைச் செய்தி, அன்றைய உற்சவம், ஒரு பழைய கோயில் ஓவியத்தைப் பற்றிய குறிப்பு, இடையிடையே நேயர்களின் அழைப்பு என்று அனைத்தும் கலந்து வரும். நடத்துபவர் கோமதி என்னும் பெண்மணி. யாருக்கும் அஞ்சாத குரல். எவரும் கோபித்துக்கொள்ள இயலாத சிரிப்பு. படியேறி அவர் முன் நின்று, "அம்மையீர், தங்கள் நிகழ்ச்சியில் உரையாற்ற விழைகிறேன்" என்றேன். அவர் தலைநிமிராமல், "கரண்ட் பில் கம்ப்ளைண்ட்டா? அது எதிர் பில்டிங் ஐயா" என்றார். நான் மீண்டும் சொன்னேன். இம்முறை நிமிர்ந்து பார்த்தவர் என் குரலைக் கேட்டு மகிழ்ந்ததாகவே தோன்றியது. தைப்பூசம் தைப்பிங்கில் எவ்வாறு நடக்கிறது என்று திங்கட்கிழமை ஐந்து நிமிடம் பேசுமாறும், ஊருக்குப் பிடித்திருந்தால் நாள்தோறும் வரலாம் என்றும் கூறினார். "அஞ்சே நிமிசம்தான் ஐயா. அதுக்கப்புறம் பாட்டு தானா வந்துடும், கம்ப்யூட்டர் யார் பேச்சையும் கேக்காது."

இங்கே மலேசிய அன்பர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தமிழகத்து அன்பர்களுக்குத் தேவை. எங்கள் நாட்டில் மேடையேறுபவர் முதலில் அவையை விளித்தாக வேண்டும். டத்தோ பட்டம் பெற்றவர் முதலில், பிறகு கல்வித்துறை அதிகாரி, பிறகு பள்ளி வாரியத் தலைவர், பெற்றோர் சங்கத்தார் என்று தரவரிசைப்படி ஒவ்வொருவரையும் பெயரும் பட்டமும் சொல்லி அழைக்க வேண்டும். எங்கள் பள்ளி விழாவொன்றில் அறிவிப்பாளர் ஒரு டத்தோவை இரண்டாவதாக விளித்துவிட, அப்பெருமகனார் உணவு முடியும்வரை குளிர்பானத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை. இந்த முறைமையில் இன்னொரு நுட்பமும் உண்டு. பேசுபவர் தம் குடும்பத்தாரையும் தம் வீட்டாரையும் விளிக்கமாட்டார். விளிப்பது பிறரை மதிப்பதற்கு. தன்னவரை அவையில் விளிப்பது தன்னையே புகழ்வதற்கு ஒப்பாகும்.

எனவே ஞாயிற்றுக்கிழமை மாலை சம்பந்தியிடம் சென்று, இவ்வூரில் யாரை முதலில் விளிப்பது முறை என்று கேட்டேன். அவர் தறியில் இருந்தார். அவருக்குப் பக்கவாட்டில் சம்பந்தியம்மாள் சேலைக் கரைக்கான நூல் ஓடும் நாடாவை எறிந்துகொண்டிருந்தார். ஏகாம்பரம் தறியை நிறுத்தினார்.

"சம்பந்தி, இந்த ஊர்ல கோயில்ல மொத மரியாதை யாருக்குன்னு தாத்தா போட்ட சண்டைய பேரன் போட்டுக்கினு இருக்கறான். யார் பேர முன்னாடி சொன்னாலும் அடுத்தவன் வந்து நிப்பான். பேசாம 'வணக்கம்'னு ஒத்த வார்த்த சொல்லிட்டு மேட்டருக்குப் போங்க."

"எவரையும் விளிக்காமல் பேசுவது அவமதிப்பல்லவா?"

"இங்க விளிக்கறதுதான் வம்பு" என்று சொல்லிவிட்டுத் தறியை ஓட்டத் தொடங்கினார்.

நல்லுரைதான். நான் அதைப் பாதி ஏற்றுக்கொண்டேன். ஆட்களை விளித்தால்தானே சச்சரவு? ஊர்ப் பகுதிகளை விளிப்போம் என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை ஒலிவாங்கியின் முன் அமர்ந்து தொடங்கினேன்: "பெருமை வாய்ந்த பெரிய காஞ்சிபுரத்துப் பெருமக்களே, சீர்மிகு சின்ன காஞ்சிபுரத்துச் சான்றோர்களே..." ஒவ்வொரு பகுதிக்கும் அதன் கோயிலையும் குளத்தையும் சுட்டி இரண்டு அடைமொழிகள். தறிக்குழியில் கால்வைத்தபடி செவிமடுக்கும் தோழர்களையும், பேருந்து நிலையத்துப் பூவணிகத் தாய்மாரையும் விட்டுவிட மனம் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் கோமதி சுட்டுவிரலைக் காற்றில் சுழற்றினார். இன்னும் சுற்றிவருக என்று ஊக்குவிக்கிறார் போலும் என எண்ணி, ஊர் எல்லையைக் கடந்து ஐயம்பேட்டை வரை சென்றேன். ஐயம்பேட்டையின் அன்பர்களை விளித்து, "உங்கள் அனைவருக்கும் என்..." என்றபோது பாட்டு வந்துவிட்டது. வணக்கம் என்னும் சொல்லுக்கே நான் வந்து சேரவில்லை. தைப்பூசம் தைப்பிங்கிலேயே தங்கிவிட்டது.

விரலைச் சுழற்றினால் 'முடியுங்கள்' என்று பொருளாம். எங்கள் ஊரில் அதற்குச் சிறு தாள் ஒன்றை மேடையில் கொண்டுவந்து வைப்பார்கள்.

பாட்டு முடியுமுன் தொலைபேசி ஒலித்தது. நான் வெளியேறக் கூச்சப்பட்டு மூலையில் நின்றிருந்தேன். முதலில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர்: "எங்களை எதுக்கு ரெண்டாவதா சொன்னார்? 'சின்ன'ன்னு பேர் இருந்தா சின்னவாளாயிடுவோமா? அவர் யார் சொல்லி இந்த ஆர்டர் போட்டார், அதைக் கேட்டுச் சொல்லும்மா." அடுத்து ஐயம்பேட்டையிலிருந்து ஒரு பெண்மணி: "ஏம்மா கோமதி, எங்கள இன்னாத்துக்குக் கடைசில போட்டாரு? நாங்க இன்னா ஊருக்கு வெளியவா கெடக்கறோம்?"

"ஊருக்கு வெளியதானக்கா இருக்குது ஐயம்பேட்டை!"

"அது பஸ்ஸுக்கு. மரியாதைக்குமா?"

மூன்றாமவர் திருப்பருத்திக்குன்றத்துச் சமணப் பெரியவர். அவர் குரல் தாழ்ந்து வந்தது. "எங்கள விட்டே விட்டாரும்மா. இருக்கட்டும், பொறுமைதான் எங்க தர்மம். ஆனா நாளைக்குச் சொல்லிடச் சொல்லுங்க." மேலும் அழைப்புகள் வந்தவண்ணம் இருந்தன. உற்சவச் செய்திக்கும் மின்தடைக்கும் அன்று இடமே கிடைக்கவில்லை. கோமதி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நீங்க வீட்டுக்குப் போங்க, நான் அப்புறம் போன் பண்றேன்" என்றார். அப்படிச் சொன்னவர்கள் அழைப்பதில்லை என்பது இரு நாட்டுக்கும் பொது.

தெருவில் இறங்கியதும் ஓர் ஆட்டோ ஓட்டுநர், "பெரியோர்களே, தாய்மார்களே, ஐயாவுக்கு வழி வுடுங்க!" என்று கூவினார். டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. நான் நேரே அறைக்குச் சென்று, கட்டிலின் கீழிருந்த பெட்டியை இழுத்து, சட்டைகளை மடிக்கத் தொடங்கினேன். சித்திரைக்குக் காத்திருக்க வேண்டிய தேவை எழவில்லை. முன்கூடத்தில் தறியின் ஓசை நின்றது. ஏகாம்பரம் வாயிலில் வந்து நின்றார்.

"நல்லா பேசினீங்க சம்பந்தி. ஆனா ஒண்ணு. ஊரெல்லாம் சொன்னீங்க, ஐயம்பேட்டை வரைக்கும் போனீங்க. நம்ம பிள்ளையார்பாளையத்தை வுட்டுட்டீங்களே! தெருவுல எல்லாரும் என்னக் கேக்கறான், உங்க வூட்டு மனுசன் நம்மள மறந்துட்டாரான்னு."

நான் திடுக்கிட்டேன். மறக்கவில்லை, அப்பெயர் என் நாவில் வரவே இல்லை. எங்கள் முறைமையை அவருக்கு விளக்கினேன்: பேசுபவர் தம் வீட்டாரை விளிக்கமாட்டார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே, நான் என்ன சொல்கிறேன் என்பது எனக்கே மெல்லத் தெளிந்தது. உள்ளிருந்து சம்பந்தியம்மாளின் குரல் வந்தது: "வுட்டா இன்னா? நம்ம வூட்டு ஆளு நம்மளயே எதுக்குக் கும்பிடணும்? பெட்டிய மூடிட்டு வரச் சொல்லுங்க, நாஷ்டா ஆறுது."

அன்று காலை ஏகாம்பரம் என்னோடு அமர்ந்து உண்டார். தட்டை நானே கழுவினேன். சம்பந்தியம்மாள் பார்த்தார், வாங்கிக்கொள்ளவில்லை.

மாலையில் கோமதி அழைத்தார். "ஐயா, லைன் நிக்கவே மாட்டேங்குது. நாளைக்கு வாங்க. மொதல்ல திருப்பருத்திக்குன்றம். நாளான்னிக்கு ஐயம்பேட்டை. ஒரு நாளைக்கு ஒரு ஊரு முன்னாடி வரட்டும், யாரும் சண்டைக்கு வர முடியாது. ஆனா விரல சுத்தினா நிறுத்திடணும்." அவ்வாறே நடக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு பகுதிக்கு முதல் வணக்கம். அதைத் தொடர்ந்து அப்பகுதியைப் பற்றிய ஒரு செய்தி, ஒரு பழைய சொல், ஏதேனும் ஒரு தைப்பிங் ஒப்பீடு. நல்ல தமிழுக்கு ஊரில் எதிர்ப்பு இல்லை என்பதையும் கண்டுகொண்டேன். தங்கள் பகுதியின் பெயர் முதலில் வருமானால் எத்தகைய தமிழையும் பொறுத்துக்கொள்கிறார்கள். சித்திரை வந்தது. மருமகன் என் நுழைவிசைவை நீட்டிப்பதற்கு விண்ணப்பித்தார். பிள்ளையார்பாளையத்தை மட்டும் இன்றுவரை நான் விளித்ததில்லை. தெருவும் இப்போது கேட்பதில்லை.

சென்ற வாரம் என் பழைய உடனாசிரியர் மாணிக்கம் தைப்பிங்கிலிருந்து குரற்செய்தி அனுப்பினார். காலை நிகழ்ச்சியை இணையத்தில் பிடித்து, அங்கே கோப்பிக் கடையில் கைப்பேசியை மேசை நடுவில் வைத்து நண்பர்கள் கேட்கிறார்களாம். "ஊர் ஊரா வணக்கம் சொல்றீங்க சார். நம்ம தைப்பிங்குக்கு ஒரு வணக்கம் இல்லையா லா? நாளைக்குச் சொல்லுங்க, எல்லாரும் உட்கார்ந்து கேட்போம்."

நியாயமான விருப்பம். கோமதியும் உடனே ஒப்புக்கொண்டார். "சொல்லிடுங்க ஐயா, இதுல இன்னா இருக்குது?" அன்றிரவு உறக்கம் சற்றுத் தாமதமாகவே வந்தது. மறுநாள் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, முறைப்படி அன்றைய முதல் வணக்கத்தைச் சின்ன காஞ்சிபுரத்துக்குச் சொல்லிவிட்டு, "கடல் கடந்து செவிமடுக்கும்..." என்று தொடர்ந்தேன். அடுத்த சொல் உதடுவரை வந்தது. விளித்துவிட்டால் அவ்வூர் பிறருடையதாகிவிடும். நாற்பதாண்டு மழையில் நனைந்து பள்ளிக்குச் சென்ற ஊரை அவையிலுள்ள ஒரு விருந்தினரைப் போல அழைக்க என் நா எழவில்லை. ஒரு மூச்சளவு நின்றேன். பிறகு அடுத்த பகுதிக்குச் சென்றேன். கண்ணாடிக்கு அப்பால் கோமதி ஒலிவாங்கிக் கம்பியைப் பற்றி அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறிது நேரத்தில் மாணிக்கத்தின் செய்தி வந்தது: "நம்ம பேரு வர்ற நேரத்துல சத்தம் நின்னுபோச்சு சார். லைன்ல ஏதோ கோளாறு."

"ஆம், சத்தம் நின்ற அந்த இடத்தில்தான் நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள்" என்று பதில் எழுதினேன்.