வாசலில் நின்ற மலை

போன வாரம் என் வீட்டு வாசலில் நின்ற மலை காணாமல் போய்விட்டது.

சிரிக்காதீர்கள். மலை என்றால் இடுப்பளவு மலை. ஏழு தட்டைக் கற்களை ஒன்றின் மேல் ஒன்றாக, சிமென்ட் இல்லாமல், கம்பி இல்லாமல் நிற்கவைத்தது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் குட்டி மலைகள். நடுவே கூழாங்கல் பரப்பி, தண்ணீரே வராத ஒரு வாய்க்கால். ஒரு வேலையாகக் கும்பகோணம் போய்விட்டு, டவுன் பஸ்ஸில் நின்றபடியே திரும்பிவந்து கேட்டைத் திறந்தால்... பெரிய மலை இருந்த இடத்தில் பள்ளம். குட்டி மலைகளும் இல்லை. கூழாங்கல் வாய்க்கால் மட்டும் பத்திரமாகக் கிடந்தது. அது யாருக்கும் உதவாது போலிருக்கிறது.

அந்த மலை எங்கே போனது என்பதற்கு முன்னால், எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும் – எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு உறவு விட்டுப்போனது. அப்புறம் ஹோட்டலில் தட்டுக் கழுவினேன், லாரியில் கிளீனராகப் போனேன், ஒரு மேஸ்திரியின் பின்னால் லடாக் வரைக்கும் போய் ரோடு போட்டேன். ரோடு போடுவது என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை கல் உடைப்பது. என் இடது கை நடுவிரலில் நகம் கிடையாது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அங்கே கணவாய்களில் கல்லை அடுக்கி அடுக்கி வைத்திருப்பார்கள். யார் வைத்தது? தெரியாது. அந்த வழியாகப் போகிறவன் கீழே கிடக்கிற ஒரு கல்லை எடுத்து, மேலே வைத்துவிட்டுப் போவான். நானும் வைத்திருக்கிறேன். நாளெல்லாம் கல்லை உடைக்கிற கைக்கு, ஒரு கல்லை உடைக்காமல் வைப்பது எவ்வளவு சுகம் என்று உடைத்தவனுக்குத்தான் தெரியும்.

ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் நன்னிலம் பக்கத்தில் சொந்தமாக ஒரு சின்ன வீடு. வாசலில் நாலு எட்டு வைக்கிற அளவுக்கு இடம். அங்கே ஒரு கல் அடுக்கு வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தப்பா?

தப்புதான். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் கல்லே கிடையாது. காவிரி வண்டலை மட்டும் கொண்டுவந்து கொட்டிவிட்டு, கல்லையெல்லாம் வழியிலேயே விட்டுவிட்டது. தெருநாயை விரட்டக் குனிந்தால் கையில் வருவது மண்ணாங்கட்டி. நாய்க்கும் அது தெரியும். ஓடாது.

புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஜல்லி ஏற்றி வருகிற பழைய லாரிக் கூட்டாளி ஒருவனைப் பிடித்து, தட்டைக் கல்லாகப் பொறுக்கிக் கொண்டுவரச் சொன்னேன். வாசலில் இறக்கிய அன்றே விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

“காம்பவுண்டு சுவரா தம்பி?” – இது டீக்கடை பஷீர் பாய்.

“இல்ல பாய். சும்மா அடுக்கி வைக்க.”

“அடுக்கி வச்சு?”

“அழகா இருக்கும்.”

பாய் கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “எல்லைத் தகராறு ஏதாவதுன்னா சொல்லுங்க, நம்ம பேசி முடிச்சுக்கலாம்” என்றார்.

அடுக்குவதும் லேசான வேலை இல்லை. எங்கள் களிமண் ஒரு மழை பெய்தால் உப்பும், ஒரு வெயில் அடித்தால் வெடிக்கும். முதலில் வைத்த அடுக்கு ஒரே மழையில் குடிகாரனைப் போலச் சாய்ந்தது. பிறகு பள்ளம் தோண்டி, உடைந்த செங்கல்லைப் போட்டு இடித்து, மேலே மணல் நிரப்பி, அதன்மேல் அடிக்கல்லை உட்காரவைத்தேன். ஒரு கல்லின்மேல் இன்னொரு கல் நிற்க மூன்று இடத்தில் தொட வேண்டும். இரண்டில் தொட்டால் ஆடும். மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் கரகரவென்று சத்தம் வரும். ஓரிடத்தில் சத்தம் நின்றுவிடும். கல் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஏழாவது கல் உட்கார்ந்த அன்று தெருவோடு போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “யாரு தவறுனது?” என்றார். கருமாதிக்குக் கல் ஊன்றியிருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

“இவரோட அறிவுதாங்க” என்றாள் என் மனைவி தவமணி, முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரி, கேலி போகட்டும். கேலி எனக்குப் பழக்கம். பொறுக்க முடியாதது எது தெரியுமா? கல் ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தது.

குட்டி மலையின் தலைக்கல்லை முதலில் எடுத்தது என் வீட்டுக்குள்ளேதான். மாவு வாளியைப் பூனை தள்ளாமலிருக்க மூடியின்மேல் என் கல் உட்கார்ந்திருந்தது. அதை மீட்டேன். ஒரு நாள் பாய் கடைக்கு டீ குடிக்கப் போனேன். வருஷக்கணக்காக ஆடிக்கொண்டிருந்த பெஞ்சு அன்றைக்கு ஆடவில்லை. குனிந்து பார்த்தால், பெஞ்சுக் காலுக்கு அடியில் என் கல்!

“பாய், இது என் கல்லு.”

“பெஞ்சு ஆடலையேன்னு சந்தோஷப்படுங்க தம்பி. அங்க சும்மாதான இருந்துச்சு.”

சும்மா! எங்கள் ஊரில் ஒரு பொருள் சும்மா இருக்கக் கூடாது. மனிதன் சும்மா இருக்கலாம், கல் இருக்கக் கூடாது.

இப்போது பக்கத்து வீட்டு மாலதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் அவள் புருஷன் முருகையனும் குத்தகைக்கு எடுத்துக் குறுவை போட்டிருந்தார்கள். அறுத்தாகிவிட்டது. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற திடலில் கொட்டி, தார்ப்பாயால் மூடி, முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இப்படிக் குவியல் குவியலாக வரிசை. ஐப்பசி பிறந்துவிட்டது. ஐப்பசி வானத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? நெல் நனைந்தால் ஈரம் ஏறும், ஈரம் ஏறினால் எடுக்க மாட்டார்கள், இன்னும் இரண்டு நாள் போனால் குவியலுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். குத்தகையும் உரமும் ஆள்கூலியும் போக அந்தக் குடும்பத்துக்கு மிச்சம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்தக் குவியலுக்குள்தான் இருந்தது. தினமும் காலையில் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வானத்தைப் பார்ப்பாள். நான் இந்தப் பக்கம் நின்று என் மலையைப் பார்ப்பேன்.

இனி போன வாரத்துக்கு வருவோம். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

“தவமணி, கல்லெல்லாம் எங்க?”

“மாலதி எடுத்துட்டுப் போனா. தார்ப்பாய் பறக்குதாம்.”

“நீ பாத்துக்கிட்டா இருந்த?”

“இல்லையே. நான்தான் வண்டியில ஏத்தி விட்டேன்.”

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. எத்தனை வாரம் உட்கார்ந்து அடுக்கியது! எந்தக் கல்லின்மேல் எது என்று இனி எனக்கே நினைவு வருமா? சைக்கிளை எடுத்தேன். இரண்டு கல்லை விட்டுக்கொடுக்கலாம், மீதியைக் கையோடு கொண்டுவந்துவிடுவது என்று வழியெல்லாம் பேசவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே மிதித்தேன். வானம் ஈயச்சட்டியின் அடிப்பக்கம் மாதிரி கறுத்துக் கிடந்தது. எதிர்க்காற்று வேறு.

திடலுக்குள் நுழைந்தபோது பேசுவதற்கு ஆளே இல்லை. எல்லாரும் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மாலதி தன் குவியலின் ஒரு மூலையில் தார்ப்பாய்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்மூலையில் முருகையன் குப்புறப் படுத்திருந்தான். மற்ற ஓரங்களில் என் மலை வரிசையாகக் கிடந்தது. ஒரு மூலைக்கு மட்டும் பாரம் போதவில்லை. அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“மாலதி, அந்தக் கல்லு...”

“வந்துட்டீங்களாண்ணே. அந்த மூலையில உக்காருங்க, சீக்கிரம்.”

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய? கல்லைக் கேட்கப் போனவன் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கல்லாகிவிட்டேன்.

மழை வந்தது. எங்கள் பக்கத்து மழை முன்னறிவிப்பு எல்லாம் கொடுக்காது, மொத்தமாக இறங்கும். நனைந்த தார்ப்பாய் வழுக்கியது. சரிவில் இருந்த கற்கள் ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பித்தன. ஒன்று உருண்டு முருகையனின் காலில் விழுந்தது. அவன் “அய்யோ” என்றானே தவிர இடத்தை விட்டு அசையவில்லை.

“ஒத்தக் கல்லா வச்சா நிக்காது” என்று கத்தினேன்.

“அப்ப என்னண்ணே பண்றது?”

என் மூலைக்கு மாலதியை மாற்றி உட்காரவைத்தேன். அவள் விட்ட மூலையில் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து மடித்து, பெரிய தட்டைக் கல்லைத் தரையில் பாதியும் ஓரத்தில் பாதியுமாகப் போட்டு, அதன்மேல் இன்னொன்றைத் திருப்பித் திருப்பி உட்காரவைத்தேன். மழைச் சத்தத்தில் கரகரப்பு எங்கே கேட்கும்? உள்ளங்கையில்தான் கேட்டேன். அப்படியே குவியலைச் சுற்றி ஜோடி ஜோடியாக... என் ஏழு கல் மலை இடுப்பளவிலிருந்து கணுக்கால் அளவுக்கு இறங்கி, நெல்லைச் சுற்றி உட்கார்ந்தது.

மழை கொஞ்சம் தணிந்தபோது மாலதி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதை ஏன் வீட்டு வாசல்ல அப்படி அடுக்கி வச்சிருந்தீங்க?”

“அழகுக்கு.”

அவள் குவியலைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். “இப்பவும் அழகாத்தாண்ணே இருக்கு.”

ஈர வேட்டியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். தவமணி துண்டை நீட்டினாள். “கல்லு எங்க?” என்று கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நெல் தப்பித்தது. அடியில் ஓரமாகக் கொஞ்சம் நனைந்ததை வெயில் வந்ததும் ரோட்டில் பரப்பி, காலால் கோதிக் கோதிக் காயவைத்தார்கள். பஸ்ஸெல்லாம் அதன்மேல் ஏறாமல் ஒதுங்கிப் போனது. முறை வந்தது, ஈரம் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். மாலதி அன்று வானத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் இடுப்பில் குடம் வைப்பதுபோல ஒரு கல்லை வைத்துக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு கல். பெரிய மலையின் அடிக்கல். நெல்லுமி ஒட்டியிருந்தது.

“இந்தாங்கண்ணே.”

“மத்தது?”

“எங்களுக்குப் பின்னாடி இருந்தவங்க குவியலுக்குக் கேட்டாங்க. கொடுத்துட்டேன். அவங்க நெல்லு போட்டதும் வந்துரும்.”

“அவங்களுக்குப் பின்னாடி ஆள் இல்லையா?”

அவள் யோசித்தாள். “இருக்காங்க” என்று ஒப்புக்கொண்டாள்.

ஆக, வராது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நேற்று அந்தப் பக்கமாகப் போனபோது பார்த்தேன். என் கல் எந்தக் குவியலில் இருக்கிறது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒன்றைக் கவனித்தேன்: எல்லாக் குவியலிலும் கல்லை ஜோடியாகத்தான் வைத்திருந்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று யாரைக் கேட்டாலும் தெரியாது என்பார்கள்.

லடாக் மலை மேலே, போகிறவன் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகிறான். எங்கள் ஊரில், போகிறவன் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போகிறான். இரண்டு இடத்திலும் கல்லுக்குச் சொந்தக்காரன் கிடையாது. இந்த ஞானம் எல்லாம் எனக்கு வந்துவிட்டது. வாசலில் பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. தவமணி அதில் கீரை விதை தூவலாமா என்று கேட்கிறாள்.

விடுவேனா? லாரிக் கூட்டாளியிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை சின்னக் கல், தட்டைக் கல் எதுவும் வேண்டாம். ஒரே கல். ஒருவராலும் தூக்க முடியாத கல். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாலதிக்கும் கேட்கட்டும் என்று இதைச் சத்தமாகவே சொன்னேன்.

“போடுங்கண்ணே” என்றாள். “நாலு பேரா வந்து தூக்கிக்கிறோம்.”